மீன் தலை பார்த்த பக்கம்

பத்திநாதன் போன ஞாயிற்றுக்கிழமை செய்த சபதம் இந்த ஞாயிற்றுக்கிழமை வரை உயிரோடு இருந்தது. அவருடைய சபதங்களுக்கு அது நீண்ட ஆயுள்தான்.

கந்தப்பளை பஸ் கண்டக்டர் மாயாண்டி கொண்டுவந்த சேதியில் பிறந்த சபதம் அது. தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் நின்று, ஒரே வரிசையில் இருந்த பக்கத்து வீட்டுக் காம்பராக்களுக்கும் கேட்கிற குரலில் மாயாண்டி சொன்னான்:

"அண்ணே, உங்க கஸ்பரை சீனக்காரரு கடைக்கே தலைமைச் சமையலா ஆக்கிப்புட்டாரு. வர்ற ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் அப்பா, அம்மா, தங்கச்சி மூணு பேரும் வந்து அவன் கையால சாப்பிடணுமாம்."

இரண்டு வருஷமாக மகனோடு பேசாத பத்திநாதன், மகனிடமே சொல்வதுபோல மாயாண்டியிடம் சொன்னார்.

"வர்றேன். பெத்த கடனுக்கு வந்து உக்காந்துட்டு எந்திரிச்சு வந்துருவேன். ஆனா அந்தக் கடையில கை நனைக்க மாட்டேன்."

பகையாளி வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் சம்பந்தம் முடிவாகும்முன் கை நனைப்பதில்லை. அண்ணன் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடை இந்த இரண்டிலும் சேராது என்று மகள் டோரீன் எடுத்துச் சொன்னாள். மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளும்படி பத்திநாதன் சொல்லிவிட்டார்.

அவருடைய கோபத்துக்கு ஒரு தகுதி இருந்தது. தோட்டத்துப் பெரிய பங்களாவில் அவர்தான் அப்பு. துரைக்குச் சமைத்துப் பரிமாறுகிறவர். மூன்று வெள்ளைக்காரத் துரைகள் அவர் கையால் சாப்பிட்டுப் பெருத்துச் சீமைக்குப் போனார்கள். தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போனபின் கொழும்பிலிருந்து ஓர் இளைய சிங்களத் துரை வந்தார். துரைமார் மாறினார்கள், கொடி மாறியது, பத்திநாதனின் கரமல் புட்டிங் மாறவில்லை. தனக்குப் பிறகு அந்தக் குசினியும் அடுப்பும் கஸ்பருக்கு என்று அவர் உயில் எழுதாத குறையாக வைத்திருந்தபோதுதான், கஸ்பர் நுவரெலியாவில் லியோங் என்ற கேன்டன் சீனரின் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டான்.

"நான் தொரைக்கு ஆக்கிப் போடுறவன்டா. நீ தெருவுல போற வர்றவனுக்கெல்லாம் ஆக்கிப் போடப் போறியா?" என்று கேட்டார் அன்றைக்கு.

"ஆமாப்பா. அங்க நம்ம அம்மா வந்து உக்காந்தாலும் போடலாம்" என்று சொல்லிவிட்டு மகன் பஸ் ஏறினான்.

அதற்குப் பதிலைத்தான் பத்திநாதன் இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார். இன்னும் கிடைத்தபாடில்லை.

*

நுவரெலியாக் கோயிலில் பூசை முடிந்து மூவரும் கடைத்தெருப் பக்கம் இறங்கினார்கள். கடைசி வெள்ளைக்காரத் துரை போகும்போது கழற்றிக் கொடுத்த கோட்டைப் பத்திநாதன் அணிந்திருந்தார். துரை ஆறடி. பத்திநாதன் அவ்வளவு இல்லை. ஆகவே கோட்டுக்குள் அவர் கொஞ்சம் குடியிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அப்பா, ஒரு சந்தேகம்" என்றாள் டோரீன். ராகலைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனதிலிருந்து அவளுக்குச் சந்தேகங்கள் கூடியிருந்தன. "கரண்டியால சாப்பிட்டா கை நனையாதுல்ல? அப்ப சபதமும் நிக்கும், வயிறும் நெறையும்."

"சட்டம் பேசாத புள்ள."

"அவ கேக்குறதுல என்னாங்க தப்பு?" என்றாள் மனைவி சிசிலி.

"ரெண்டு பேரும் கூட்டுச் சேந்துக்கிட்டா நான் இப்பிடியே பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிருவேன்."

திரும்பவில்லை. ஸ்டாண்டுக்கு ஏற்றம், கடைக்கு இறக்கம்.

லியோங்கின் கடை பெரிய ஹோட்டல் ஒன்றும் இல்லை. சிவப்புப் பலகை, தகரக் கூரை, ஆறேழு வட்ட மேசை, அவ்வளவுதான். தபால் கந்தோர் ஆட்கள், லொறி டிரைவர்கள், மரக்கறி வியாபாரிகள், பிள்ளைகுட்டியோடு ஒரு பொலிஸ்காரர் என்று கடை நிறைந்திருந்தது. வாசலுக்குப் பக்கத்து மேசையில் கணக்குப் பார்க்கும் இளம்பெண், குளிருக்குக் கழுத்தைச் சுற்றி அரக்கு நிற மஃப்ளர் போட்டிருந்தவள், இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"வாங்க ஐயா, வாங்க அம்மா" என்றாள், தோட்டத்துத் தமிழில்.

லியோங்கும் ஓடி வந்தார். அவருடைய தகப்பன் சைக்கிளில் துணி மூட்டை கட்டி லயம் லயமாக விற்றவர். சைக்கிளுக்குப் பின்னால் நடந்தே மகன் தமிழ் படித்துவிட்டார். இன்றைக்கு இஸ்திரி போட்ட கோட்டு அணிந்து, கழுத்துப் பட்டியும் கட்டியிருந்தார். சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு அது அதிகம் என்று பத்திநாதனுக்குப் பட்டது. தனக்காகத்தான் என்று நினைத்து மன்னித்துவிட்டார்.

நடு மேசை இவர்களுக்கு. பத்திநாதன் சிசிலிக்கு நாற்காலியை இழுத்துக் கொடுத்தார். டோரீனுக்கு இழுத்துக் கொடுத்தார். பிறகு நாற்காலிக்குப் பின்னால், இடது பக்கம், கை கட்டி நின்றார்.

"அப்பா, ஒக்காருங்க" என்றாள் டோரீன் மெதுவாக.

பத்திநாதன் திடுக்கிட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷம் மேசையை அவர் மேலே இருந்துதான் பார்த்திருக்கிறார். உட்கார்ந்து பார்த்தால் அது வேறு சாமான்.

குறை கண்டுபிடிக்க வந்த மனிதருக்கு முதல் ஏமாற்றம், கிண்ணத்தில் ஒரு விரல் அடையாளம்கூட இல்லை. இரண்டாவது, தேத்தண்ணீர். கேட்காமலே ஒரு பீங்கான் கூசா நிறைய வந்தது, காசு இல்லையாம். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மூவருக்கும் தேத்தண்ணீரை யாரும் அப்படிச் சும்மா ஊற்றிப் பழக்கமில்லை. பிடி இல்லாத சின்னக் கோப்பை. பால் இல்லை, சீனி இல்லை.

சிசிலி கோப்பையைப் பார்த்தாள். சீனியை உள்ளங்கையில் வைத்து ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடித்தால்தான் அவளுக்குத் தேத்தண்ணீர். கேட்கக் கூச்சமாக இருந்தது. அதற்குள் அந்த மஃப்ளர்ப் பெண் ஒரு சின்னத் தட்டில் சீனியைக் கொண்டுவந்து அவள் கைப்பக்கம் வைத்துவிட்டுப் போனாள்.

"நல்ல புள்ள" என்றாள் சிசிலி.

"எப்பிடித் தெரிஞ்சுச்சு?" என்றாள் டோரீன்.

பத்திநாதன் அதைக் கவனிக்கவில்லை. அவர் குசினி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நீலத் திரை தொங்கியது. திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள். பெருவிரல் வெளியே பார்க்கும் பழைய கென்வஸ் சப்பாத்து. அது அவர் வாங்கிக் கொடுத்தது. பாதங்கள் அசையாமல் நின்றன, ஒட்டுக் கேட்கிற பாதங்களாக.

*

மீனை லியோங் தானே தூக்கிவந்தார். ஆவியில் வெந்த முழு மீன், மேலே பச்சை லீக்ஸும் நூலாகச் சீவிய இஞ்சியும். சுடு எண்ணெய் ஊற்றிய சத்தம் இன்னும் அடங்கவில்லை. தட்டை மேசையில் வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, மீன் தலை பத்திநாதனைப் பார்க்கும்படி நிறுத்தினார்.

மீனும் பத்திநாதனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தலைய எடுக்காம கொண்டாந்துட்டீங்க" என்றார் பத்திநாதன். பங்களாவில் மீன் தலை சாப்பாட்டறைக்கே போகாது. துரைசானிமார் மீனின் கண்ணைப் பார்த்தால் சாப்பிட மாட்டார்கள்.

"எடுக்கக் கூடாதுங்க" என்றார் லியோங். "எங்க ஊருப் பழக்கம். வந்த விருந்துல யாரு பெரியவங்களோ அவங்களத்தான் தலை பாக்கணும். அவங்க மொதல்ல எடுத்து வாயில வைக்கணும். அதுக்கு முன்னாடி மேசையில யாரும் கை வைக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு அங்கேயே நின்றார். சோறும் வந்தது. பன்றி இறைச்சியும் வந்தது. எல்லாம் வந்து மேசையில் காத்திருந்தன.

சபதத்துக்கு இப்படி ஒரு சிக்கல் வருமென்று யாரும் யோசித்திருக்கவில்லை. இவர் கை நனைக்க மாட்டார். இவர் நனைக்காமல் மற்றவர்கள் நனைக்கக் கூடாது. கேன்டன் பழக்கமும் கந்தப்பளை வீம்பும் ஒரே மீனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டன.

"நீங்க சாப்பிடுங்க. எனக்கு வயிறு சரியில்ல" என்றார் பத்திநாதன் சிசிலியிடம்.

"அது மொறையில்லன்னு இவரு சொல்றாருல்ல."

"பூசைக்கு முன்னாடியே நீங்க நாலு ரொட்டி சாப்பிட்டீங்க அப்பா. அப்ப வயிறு சரியாத்தான் இருந்துச்சு" என்றாள் டோரீன்.

பத்திநாதன் மகளை முறைத்தார். மீன் அவரை முறைத்தது.

சிசிலி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என்னாங்க, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க பெரிய சமையக்காரரு, ஊருக்கே தெரியும். உங்க சமையல நான் ஒரு நாளும் மேசையில உக்காந்து சாப்பிட்டதில்ல. பங்களாப் பின்வாசல்ல நின்னு டப்பாவுல மிச்சம் வாங்கிட்டுப் போனதுதான். இன்னைக்கு மேசையில உக்காந்துருக்கேன். என் புள்ள ஆக்கினது முன்னாடி இருக்கு. நீங்க எந்திரின்னா எந்திரிச்சிருவேன். ஆனா இன்னொரு தடவ என்னைய இப்பிடி ஒக்கார வைக்க உங்களால முடியுமா?"

பத்திநாதன் வாயைத் திறந்தார். என்ன சொல்லியிருப்பார் என்பது அவருக்கே தெரியாது. ஏனென்றால் அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குரல் கேட்டது.

"அப்பு!"

*

எழுந்தது பத்திநாதன் இல்லை, அவருடைய கால்கள். அவை இத்தனை வருஷமாக அந்தக் குரலுக்குச் சம்பளம் வாங்கியவை.

வாசலில் துரை நின்றார். கூடவே கொழும்பிலிருந்து வந்த சிநேகிதரும் அவர் மனைவியும். பத்திநாதனுக்கு லீவு கொடுத்ததால் பங்களாவில் பகல் சாப்பாடு இல்லை. சாப்பிட வந்த இடத்தில் அப்புவே நிற்கக் கண்டது துரைக்குப் பெரிய சௌகரியமாகப் பட்டிருக்க வேண்டும்.

அவர் கழற்றிய மழைக்கோட்டு தானாகப் பத்திநாதனின் இடது கைக்கு வந்துவிட்டது. நாற்காலிகள் தானாகப் பின்னால் நகர்ந்தன. அம்மணிக்கு முதலில், விருந்தாளிக்குப் பிறகு, துரைக்குக் கடைசியில். மேசை விரிப்பில் ஒரு சுருக்கம், அதைத் தடவிவிட்டார். கடையில் பேச்சு நின்றுவிட்டதுகூட அவர் காதில் விழவில்லை.

"குளிர்ந்த தண்ணி, அப்பு. பிறகு இங்க என்ன நல்லா இருக்கும்னு சொல்லு" என்றார் துரை சிங்களத்தில்.

"சரிங்க தொரை."

பத்திநாதன் குசினிப் பக்கம் திரும்பினார். திரை விலகியிருந்தது. அங்கே கஸ்பர் நின்றான். வெள்ளை ஏப்ரன், நெற்றியில் கரி, கையில் நீளமான அகப்பை. போனபோது ஒடிசலாக இருந்தவன். இப்போது அடுப்பு வேலையில் அவனுக்குத் தோள் திரண்டிருந்தது. அவன் தகப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையில் தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்தான்.

கோபப்படுவான் என்று பத்திநாதன் நினைத்தார். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பார்.

"விடுங்கப்பா, தண்ணி நான் கொண்டு போறேன்" என்றான் கஸ்பர். "நீங்க போயி உக்காருங்க. மீன் ஆறுது."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு மகன் பேசிய முதல் பேச்சில் மீன்தான் இருந்தது. நல்ல சமையற்காரன் அப்படித்தான் பேசுவான் என்று பத்திநாதனின் மனதில் ஒரு மூலை, மற்ற மூலைகளைக் கேட்காமல், குறித்துக்கொண்டது.

அவர் தன் மேசையைத் திரும்பிப் பார்த்தார். டோரீன் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள், கண் நிறைந்திருந்தது. சிசிலி எழுந்துவிட்டாள். புருஷன் நிற்கும்போது, துரை முன்னால், அவளுக்கு உட்காரத் தெரியாது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பங்களாப் பின்வாசலில் டப்பாவோடு நிற்கிற அதே நிலையில், சொந்த மகன் விருந்து வைத்த மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

பத்திநாதன் மழைக்கோட்டை ஒருமுறை உதறி, துரையின் நாற்காலி முதுகில் ஒழுங்காகப் போட்டார்.

"தொரை, தண்ணி வரும்ங்க. கொண்டாற ஆளு இருக்காங்க. நான் இன்னைக்கு இங்க சாப்பிட வந்துருக்கேன்."

"சாப்பிடவா?" என்றார் துரை. "நீயா?"

கெட்ட மனிதர் இல்லை அவர். கேள்வியில் கோபம் துளியும் இல்லை. வெறும் ஆச்சரியம்; பங்களாவில் நிற்கிற அலமாரி திடீரென்று பசிக்கிறது என்று சொன்னால் வருமே, அந்த ஆச்சரியம்.

"ஆமாங்க. பொஞ்சாதி, மவ, நானு. இந்தக் கடைக் குசினிக்குத் தலைமையா நிக்கிறது என் மவனுங்க, கஸ்பர். என்ன நல்லா இருக்கும்னு அவனக் கேட்டாத் தெரியும். எனக்கே அவன்தான் பாத்து அனுப்பிருக்கான்."

பொலிஸ்காரரின் மேசை வரைக்கும் கேட்டது. அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று பத்திநாதன் நினைக்கவில்லை. 'என் மவன்' என்ற சொல் இரண்டு வருஷம் அடைபட்டுக் கிடந்ததால் அப்படி வந்துவிட்டது.

துரை இருந்த அறையை விட்டு அவர் எப்போதும் பின்னோக்கித்தான் நடப்பார், முதுகு காட்டுவதில்லை. இன்றைக்குத் திரும்பி, வெள்ளைக்காரத் துரையின் கோட்டு மூடிய முழு முதுகையும் இளைய துரைக்குக் காட்டிக்கொண்டு, தன் மேசைக்கு நடந்து வந்தார்.

"உக்காரு சிசிலி" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். முன்னால் பீங்கான் கரண்டி இருந்தது. கரண்டி, முள், கத்தி எல்லாவற்றுக்கும் இடம் வலம் தெரிந்த மனிதர் அதை எடுத்து ஓரமாக வைத்தார். பக்கத்தில் வைத்திருந்த கிண்ணத்துத் தண்ணீரில் வலக் கையைக் கழுவினார். சீமைக் கோட்டின் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டார். மீனின் கழுத்துப் பக்கத்துச் சதையைப் பிய்த்து, சாற்றில் தோய்த்து, சோற்றோடு பிசைந்து ஓர் உருண்டை எடுத்து வாயில் வைத்தார்.

கடை முழுவதும் அவருடைய தாடையைப் பார்த்தது. துரையும் பார்த்தார். திரைப் பக்கத்தில் நின்றவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூச்சு விடுகிறானா என்று டோரீனுக்குச் சந்தேகமாக இருந்தது.

பத்திநாதன் மென்றார். விழுங்கினார். இன்னோர் உருண்டை. பிறகுதான் தீர்ப்பு வந்தது.

"இஞ்சி ஒரு பொடி தூக்கல்."

"குத்தம் சொல்லாட்டி இவருக்குச் செமிக்காது" என்றாள் சிசிலி, வாய் நிறைய. மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற சுகத்தில் அவளுக்குத் துணிச்சல் வந்திருந்தது.

"மீனு பக்குவத்துல குத்தம் சொல்ல முடியாது" என்றார் அவர் தட்டைப் பார்த்தபடியே. "முள்ளுல ஒட்டாம வருது பாரு. எனக்கு இப்பிடி வந்ததில்ல." இன்னோர் உருண்டை உருட்டிக்கொண்டே, "இந்தச் சேதிய மாயாண்டிகிட்டச் சொல்ல வேணாம்" என்றார்.

"நான் சொல்லிக்கிறேன்" என்றாள் டோரீன்.

திரைப் பக்கம் பார்த்தபோது கஸ்பர் அங்கே இல்லை. உள்ளே இருப்புச் சட்டியில் அகப்பை தட்டுகிற சத்தம் மட்டும், கோயில் திருநாள் மேளம் மாதிரி, தேவைக்கு மேலாகவே கேட்டது. துரையின் மேசைக்கும் மீன் போயிற்று. துரை அதைத் தின்றுவிட்டு, இன்னொன்று கொண்டுவரச் சொன்னதைப் பத்திநாதன் காதால் கேட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கோட்டு அவருக்கு இப்போது சரியான அளவாக இருந்தது.

*

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?"

கணக்கு மேசைப் பெண்தான், கிண்ணத்தோடு நின்றாள். குனிந்து பரிமாறினபோது மஃப்ளரின் நுனி சரிந்து சிசிலியின் முகத்துக்கு நேரே தொங்கியது.

சிசிலி மெல்லுவதை நிறுத்தினாள்.

அரக்கு நிற மஃப்ளர். கடைசி நாலு விரல் அகலம் மட்டும் கிளிப்பச்சை. போன மார்கழிக் குளிருக்கு மகனுக்கென்று பின்னிக்கொண்டிருந்தபோது அரக்கு நூல் தீர்ந்துபோய், கந்தப்பளைக் கடையில் வேறு நிறம் கிடைக்காமல், கிளிப்பச்சையில் முடித்து மாயாண்டியிடம் கொடுத்தனுப்பியவள் அவள்தான். அப்படி ஒரு மஃப்ளர் உலகத்தில் இரண்டு இருக்க நியாயமில்லை.

"என்னாங்க" என்றாள் மெல்ல. "இது நம்ம கஸ்பரோடது."

பத்திநாதன் நிமிர்ந்தார். கிளிப்பச்சையைப் பார்த்தார். கேட்காமல் வந்த சீனித் தட்டைப் பார்த்தார். தன்னையே பார்த்துக்கொண்டிருந்த மீன் தலையைப் பார்த்தார்; அதில் சதை அதிகம் மிச்சமில்லை. தூரத்தில் இஸ்திரிக் கோட்டும் கழுத்துப் பட்டியுமாக நின்ற லியோங்கைப் பார்த்தார். அவர் மணிச் சட்டத்தில் காய்களை வெகு கவனமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். கூட்டுவதற்கு அங்கே கணக்கு ஒன்றும் இல்லை.

உள்ளே அகப்பைச் சத்தம் நின்றுவிட்டது.

"ஓம் பேரு என்னாம்மா?" என்று கேட்டாள் டோரீன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஆக்னஸ். ஆக்னஸ் லியோங்" என்றாள் அந்தப் பெண். மஃப்ளரின் நுனியைத் தாமதமாக மறைத்துக்கொண்டு, பத்திநாதன் பக்கம் திரும்பினாள். வந்ததிலிருந்து ஐயா என்று கூப்பிட்டவள் இப்போது வேறு மாதிரிக் கூப்பிட்டாள்.

"கை கழுவத் தண்ணி கொண்டாரட்டுமா, மாமா?"

பத்திநாதன் தன் வலக் கையைத் தூக்கிப் பார்த்தார். பெண் வீட்டில், சம்பந்தம் பேசும் முன்பே, இரண்டாவது கணு வரைக்கும் நனைந்திருந்தது.